சிறைக்கதவின் எந்தப் பக்கம் நாம்?



வேளாங்கண்ணிக்குப் போகாத கத்தோலிக்கக் குடும்பம் நம் பகுதியில் இல்லை என்றே சொல்லலாம். குறிஞ்சிப்பாடியில் புறப்பட்டால் புவனகிரி, சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று அந்த வழி நமக்கு மனப்பாடம். ஆகஸ்டு மாதக் கடைசியில் காவி உடுத்தி நடந்தே போகிறவர்கள் உண்டு. வேன் பிடித்துப் போய், மாதாவைப் பார்த்துவிட்டு மறுநாளே திரும்புகிறவர்களும் உண்டு. ஆனால் அந்த வழியிலிருந்து சற்றே விலகினால் வரும் ஓர் ஊருக்குள் நாம் யாரும் நுழைந்ததில்லை. அந்த ஊரின் பெயர் கீழ்வெண்மணி.

சென்ற திருவருகைக் காலத்தில் நம் பங்கிலிருந்து ஏறத்தாழ நாற்பது பேர் வேளாங்கண்ணிக்குச் சென்றோம். காலைத் திருப்பலி முடிந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பொரிகடலை வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறினோம். திரும்பும் வழியில் கீழ்வேளூர் சென்று, தேவூர்ப் பக்கம் வண்டியைத் திருப்பச் சொன்னபோது பேருந்துக்குள் முணுமுணுப்பு எழுந்தது. “நேரமாகுது சாமி, அங்கே என்ன கோயிலா இருக்கு?” என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அங்கே கோயில் இல்லை. ஒரு நினைவிடம் இருக்கிறது. அங்கே போய்வந்த பிறகு நமக்குள் எழுந்த எண்ணங்களை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

வெண்மணியில் நடந்தது என்ன?

அன்றைய கீழத்தஞ்சையில், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில், நெல் விளைவித்தவர்கள் பெரும்பாலும் நிலமற்ற தலித் கூலி மக்கள். 1960களில் அவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். நிலக்கிழார்கள் மறுத்தார்கள், வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுவடை செய்ய முயன்றார்கள். பகை முற்றியது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு ஆயுதங்களோடு வந்த கும்பலுக்குப் பயந்து மக்கள் ராமையா என்பவருடைய சிறு குடிசைக்குள் ஒளிந்துகொண்டார்கள். அந்தக் குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் வெந்து மடிந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அடைக்கலம் தேடி நுழைந்த குடிசையே அவர்களுக்குச் சிறையாகிவிட்டது.

வழக்கு நடந்தது. கீழ் நீதிமன்றம் நிலக்கிழார்கள் சிலருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. இவ்வளவு வசதி படைத்தவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற போக்கில் அந்தத் தீர்ப்பு அமைந்திருந்தது. ஏழை செய்தான் என்றால் உடனே நம்புகிறோம். பணக்காரன் செய்தான் என்றால் தயங்குகிறோம். நீதிமன்றத்துக்கு மட்டும் உரிய நோயா இது?

நினைவிடத்தில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. நம் அன்னையர் சிலர் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி தேதியைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். “ஃபாதர், டிசம்பர் 25 என்றால் கிறிஸ்துமஸ்தானே? அன்னைக்கு ராத்திரி நம்ம ஆளுங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க?”

நம்மிடம் பதில் இல்லை. கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடிக்கொண்டு இருந்திருப்பார்கள். வேளாங்கண்ணியில் அன்று திருப்பலி நடந்திருக்கும். குடிலில் குழந்தை இயேசு படுத்திருந்திருப்பார். அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஒரு குடிசையில் குழந்தைகள் எரிந்துகொண்டிருந்தார்கள். அன்று இரவே செய்தி தெரிந்திருக்க வழியில்லை என்று சொல்லலாம். சரி, மறுநாள் தெரிந்ததே? அடுத்த ஆண்டு தெரிந்ததே? ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வழியே போய்க்கொண்டிருந்த நமக்கு, ஒரு முறைகூட வண்டியைத் திருப்பத் தோன்றவில்லையே?

நினைவிடமா, சுற்றுலா இடமா?

கொடுமை நடந்த இடங்களையும் சிறைகளையும் இடிக்காமல் காத்து வைக்கும் வழக்கம் இன்று உலகெங்கும் உண்டு. அந்தமான் தலைநகரில் உள்ள செல்லுலார் சிறை 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல ஏழு நீண்ட கட்டடங்கள். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க முடியாதபடி அறைகள். ஏழில் மூன்று கட்டடங்களே இன்று எஞ்சியுள்ளன. 1979 பிப்ரவரி 11ஆம் நாள் அது தேசிய நினைவுச் சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இன்று விமானத்தில் போய் ஒலி ஒளிக் காட்சி பார்த்துத் திரும்புகிறவர்கள் ஏராளம்.

நம் மாநிலத்திலும் அப்படிப்பட்ட அடையாளங்கள் உண்டு. 1908இல் தண்டிக்கப்பட்ட வ.உ.சிதம்பரனார் கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக இழுத்த செக்கு, சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் வைக்கப்பட்டுள்ளது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். செக்கைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு பக்கத்தில் உள்ள பாம்புப் பண்ணைக்குப் போய்விடுகிறோம்.

தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவில் நெல்சன் மண்டேலா தம் 27 ஆண்டுச் சிறைவாழ்வில் 18 ஆண்டுகளைக் கழித்தார். அச்சிறை 1997இல் அருங்காட்சியகமாக மாறியபோது, பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டும் பணியில் அங்கே கைதியாக இருந்தவர்களும் அமர்த்தப்பட்டார்கள். இதோ இந்தத் தரையில்தான் நான் படுத்திருந்தேன் என்று ஒரு மனிதர் உங்களைப் பார்த்துச் சொல்லும்போது, கையில் உள்ள கைப்பேசி தானாகத் தாழும். கேட்கிறவருக்கும் ஒரு கடமை வந்துவிடுகிறது.

சுற்றுலா போகிறவர் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். திருப்பயணி தம்மையே பார்த்துக்கொண்டு திரும்புகிறார். இடம் ஒன்றுதான், போகிறவரின் மனம்தான் வேறு.

நமக்கு இது புதிதும் அல்ல. ஓரியூரில் புனித அருளானந்தர் 1693இல் தலை வெட்டப்பட்ட மண்ணை நாம் கையில் அள்ளி நெற்றியில் இட்டுக்கொள்கிறோம். ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில், விலங்கிடப்பட்டுச் சிறைவைக்கப்பட்டு 1752 ஜனவரி 14ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்தின் இடத்தில் முழந்தாளிடுகிறோம். அநீதியாகச் சிறைப்பட்டவர்களின் இடம் புனிதமானது என்று நம் பாட்டிமாருக்கும் தெரியும். சிறைப்பட்டுக் கொல்லப்பட்ட ஒருவரையே ஆண்டவர் என்று அழைக்கிறோம் அல்லவா?

அப்படியானால் சிக்கல் எங்கே இருக்கிறது? இந்த இடங்களுக்குப் போகும்போதெல்லாம் நாம் எப்போதும் கைதியின் பக்கத்திலேயே நின்றுகொள்கிறோம். செக்கிழுத்தவர் நம்மவர், சாட்டை வீசியவன் வேறு எவனோ. தேவசகாயம் நம்மவர், விலங்கிட்டவர்கள் வேறு எவரோ. இந்த எளிய கணக்கை ஆண்டவர் இயேசு ஏற்கவில்லை. மத்தேயு நற்செய்தி 23ஆம் அதிகாரத்தில், இறைவாக்கினர்களுக்குக் கல்லறை கட்டி அழகுபடுத்துகிறவர்களை அவர் கண்டிக்கிறார். மூதாதையர் காலத்தில் நாங்கள் இருந்திருந்தால் அந்தக் கொலையில் பங்கெடுத்திருக்க மாட்டோம் என்று அவர்கள் பெருமை பேசினார்கள். அந்தப் பேச்சே தாங்கள் யாருடைய பிள்ளைகள் என்பதற்குச் சாட்சி என்கிறார் அவர். நினைவிடம் கட்டுவது பாவமல்ல. நினைவிடத்தின் நிழலில் நின்றுகொண்டு நமக்கு இதில் பங்கில்லை என்று சொல்வதுதான் ஆபத்து.

திறவுகோல் யார் கையில் இருந்தது?

ஆகவே இத்தகைய இடங்களில் நாம் கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே யார் இருந்தார்கள் என்பது மட்டுமல்ல. திறவுகோல் யார் கையில் இருந்தது? வெளியே யார் சும்மா நின்றார்கள்? இந்தக் கேள்விகள் திருச்சபையையும் விட்டுவைக்காது.

தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்ற ஊர் வடக்கன்குளம். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியவர் அவர். 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அவர் பெயரோடு ஒட்டிவந்த சாதிப் பெயரும் நீக்கப்பட்டிருந்தது. ஆனால் அதே வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட ஆலயத்தில், சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து உட்காரவைக்க நடுவே சுவர் எழுப்பப்பட்டது. ஒரே பீடம், ஒரே நற்கருணை, நடுவில் சுவர். 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. அந்தச் சுவரை எழுப்பியவர்கள் பிற மதத்து மன்னர்கள் அல்லர். நம் மக்கள், அவர்களுக்கு இணங்கிப் போன நம் குருக்கள்.

பழைய கதைதானே என்று சொல்லிவிட முடியுமா? நம் புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டத்தில், எறையூரில், 2008 மார்ச் 9ஆம் நாள் நடந்ததை நாம் மறக்கவில்லை. தலித் கத்தோலிக்கர்கள் தனிப்பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த மோதலில் காவல்துறை சுட்டது. இருவர் இறந்தார்கள். அடித்துக்கொண்ட இரு தரப்பும் ஒரே ஞானத்தொட்டியில் திருமுழுக்குப் பெற்றவர்கள். அது தவக்காலம்.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மக்களின் ஆற்றல்படுத்தலுக்கான கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. திருச்சபைக்குள்ளும் தீண்டாமை நிலவுவதை அது வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல் எளிதாக வந்ததல்ல.

இங்கே நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பங்கில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர் இருந்தது. ஊர் பெயர் வேண்டாம். ஆறு ஆண்டுகள் அந்தச் சுவரின் இரு பக்கமும் நின்று நாம் அடக்கச் சடங்கு நடத்தினோம். இந்தப் பக்கமும் அதே செபம், அதே தீர்த்தம். அந்தப் பக்கமும் அதே செபம், அதே தீர்த்தம். நம் வரையில் வேறுபாடு காட்டவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம். சுவரைப் பற்றி ஒரு ஞாயிறு மறையுரையிலாவது பேசினோமா என்றால், இல்லை. பேசினால் திருவிழா நின்றுவிடும், பங்கு இரண்டாகிவிடும் என்று அஞ்சினோம். வெண்மணியில் அந்தச் சிறுமி கேள்வி கேட்டபோது நம் கண்முன் வந்தது எரிந்த குடிசை அல்ல, அந்தச் சுவர்தான்.

திருத்தந்தையர் இதில் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். இரண்டாம் யோவான் பவுல் 1992 பிப்ரவரியில் செனகல் நாட்டின் கோரே தீவுக்குச் சென்றார். ஆப்பிரிக்க மக்கள் விலங்கிடப்பட்டு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டதன் அடையாளமாகக் காக்கப்படும் வீடு அங்கே இருக்கிறது. திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர்களே அந்த வணிகத்தில் ஈடுபட்டதை அவர் மறைக்காமல் சொல்லி, விண்ணகத்தின் மன்னிப்பை வேண்டினார். 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் சக்கர நாற்காலியில் கனடாவுக்குப் போனார். பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த உறைவிடப் பள்ளிகளில் பலவற்றைக் கத்தோலிக்கத் துறவு சபைகளே நடத்தின. மாஸ்க்வாசிஸ் என்ற இடத்தில், பழைய பள்ளி இருந்த மண்ணில், அம்மக்களின் முன்னிலையில் அவர் மன்னிப்புக் கேட்டார். இருவரும் தங்களைப் பாதிக்கப்பட்டவர்களின் வரிசையில் நிறுத்திக்கொள்ளவில்லை. திறவுகோல் வைத்திருந்தவர்களின் வரிசையில் நின்று பேசினார்கள்.

இன்னும் மூடியிருக்கும் கதவுகள்

நினைவிடங்களால் வரும் இன்னோர் ஆபத்தும் உண்டு. கொடுமை முடிந்துவிட்டது என்று அவை நம்மை நம்பவைத்துவிடும். அருங்காட்சியகத்தில் இருப்பது பழையதுதானே?

நம் கடலூரைப் பாருங்கள். புதுச்சேரியை விட்டு வெளியே வந்த மகாகவி பாரதியார் 1918 நவம்பர் 20ஆம் நாள் கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். டிசம்பர் 14ஆம் நாள் விடுதலையாகும்வரை கடலூர்ச் சிறையில் இருந்தார். அவருடைய நினைவைக் கடலூர் இன்றும் போற்றுகிறது. கடலூர் முதுநகரில் பிறந்த அஞ்சலையம்மாள், 1927இல் சென்னையில் நீலன் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் தம் சிறுவயது மகளோடு சிறை சென்றவர். பின்னர் கருவுற்ற நிலையிலும் வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். பிள்ளைப்பேற்றுக்காக வெளியே வந்து, கைக்குழந்தையோடு மீண்டும் சிறைக்குத் திரும்பினார். இவர்களை நினைத்து நாம் பெருமைப்படுகிறோம், பெருமைப்படவும் வேண்டும்.

ஆனால் கேப்பர் மலையில் உள்ள கடலூர் மத்திய சிறை அருங்காட்சியகம் அல்ல. அங்கே இன்று இரவும் மனிதர்கள் உள்ளே இருக்கிறார்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். மாலைபோட ஒரு சிலையைத் தேடும் நாம், மனு எழுதிக் கொடுக்க ஆளில்லாமல் உள்ளே இருப்பவரைத் தேடுவதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அந்த ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூவர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். பிணை கிடைத்தும், ஜாமீன்தாரர் இல்லாததால் உள்ளேயே கிடக்கிற ஏழைகள் அவர்களில் உண்டு.

நெய்வேலியைத் தாண்டினால் கம்மாபுரம். 1993இல் முதனை கிராமத்து ராசாக்கண்ணு என்ற ஏழைக் கூலித் தொழிலாளியை நகைத் திருட்டு வழக்கில் கம்மாபுரம் காவலர்கள் பிடித்துச் சென்றார்கள். அவர் காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். தப்பி ஓடிவிட்டார் என்று காவலர்கள் சொன்னார்கள். அவருடைய மனைவி விடவில்லை. வழக்கறிஞர் கே.சந்துரு உயர் நீதிமன்றத்தில் வாதாடினார். ஆண்டுகள் பல கழித்துக் காவலர்கள் தண்டனை பெற்றார்கள். 2021இல் திரைப்படமாக வந்த பிறகு உலகமே அந்தக் கதையைப் பேசியது. நம் மாவட்டத்துக் கதை அது. நம் பங்கின் சுற்றுலாப் பட்டியலில் முதனை ஒரு நாளும் இருந்ததில்லை.

இயேசு சபை அருள்பணியாளர் ஸ்டேன் சுவாமியை நினைத்துக்கொள்வோம். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களோடு வாழ்ந்தவர். சிறையில் விசாரணைக் கைதிகளாக வாடும் பழங்குடி இளைஞர்களுக்காகக் குரல் கொடுத்தவர். 2020 அக்டோபர் 8ஆம் நாள் கைதாகி, தாமும் விசாரணைக் கைதியானார். நடுக்குவாத நோயால் கையில் குவளையைப் பிடிக்க முடியாத அவர், உறிஞ்சிக் குடிக்கும் குவளை ஒன்றுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தார். 2021 ஜூலை 5ஆம் நாள், தம் 84ஆம் வயதில், பிணையும் கிடைக்காமல், வழக்கு விசாரணையும் தொடங்காமல் இறந்தார்.

சிறைக்குள்ளும் சாதிச் சுவர் உண்டு. பல மாநிலங்களின் சிறை விதிகள் துப்புரவுப் பணியை ஒரு சாதிக்கும் சமையலை வேறொரு சாதிக்கும் ஒதுக்கியிருந்தன. 2024 அக்டோபர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்விதிகள் அரசமைப்புக்கு எதிரானவை என்று தீர்ப்பளித்தது. நம் பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்த செய்தியும் அந்த வழக்கில் பேசப்பட்டது. கல்லறையில் பார்த்த அதே சுவர்தான் சிறையிலும் நிற்கிறது.

எப்படிப் போவது? திரும்பி என்ன செய்வது?

இத்தகைய இடங்களுக்கு நாம் போகத்தான் வேண்டும். பிள்ளைகளையும் அழைத்துப் போக வேண்டும். போகும் முறையைப் பற்றி மூன்று எண்ணங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, மௌனம். 2016 ஜூலை 29ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் போலந்து நாட்டின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குச் சென்றபோது உரை எதுவும் ஆற்றவில்லை. இன்னொரு கைதிக்காகத் தம்மையே பட்டினிச் சாவுக்குக் கையளித்த புனித மாக்சிமிலியன் கோல்பே அடைபட்டிருந்த இருட்டறையில் தனியே உட்கார்ந்து செபித்தார். சில இடங்களில் நம் பேச்சும் படமெடுப்பும் இறந்தவர்களுக்கு இடைஞ்சல்.

இரண்டாவது, பெயர். 44 பேர் என்று எண்ணிக்கையாகச் சொல்லிவிடாமல், ஒரு பெயரையாவது வாசித்து, அந்தப் பெயரை வீட்டுக்குக் கொண்டுவந்து, இரவு செபமாலையில் சேர்த்துக்கொள்ளலாம். நவம்பர் மாதத்தில் நம் குடும்பத்துக் கல்லறைக்குப் பூப்போடும் நமக்கு இது கடினமல்ல.

மூன்றாவது, திரும்பி வந்தபின் ஒரு செயல். ஆகஸ்டு மாத இரண்டாம் ஞாயிறை இந்தியத் திருச்சபை சிறைப்பணி ஞாயிறாகக் கடைப்பிடிக்கிறது. அன்று காணிக்கை எடுப்பதோடு பெரும்பாலும் முடித்துக்கொள்கிறோம். அதற்கு மேலும் செய்ய முடியும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, காவலில் இருப்பவர்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். இது பல குடும்பங்களுக்குத் தெரியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 479ஆம் பிரிவின்படி, முதல் முறையாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், அக்குற்றத்துக்கு உரிய உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால், அவரைப் பிணையில் விட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. இந்தச் செய்தியை நம் அன்பியங்களில் சொல்லிவைத்தால், எங்கோ ஒரு தாய்க்கு அவள் மகன் திரும்பக் கிடைக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. சிறையிலிருந்து வந்தவரின் மகளுக்கு வரன் கிடைப்பதில்லை; அவருக்குக் கைலித் தறியில்கூட வேலை கொடுக்க யோசிக்கிறோம். அரசு ஒருவரை ஐந்தாண்டு அடைத்துவைத்தால், ஊர் அவரை ஆயுளுக்கும் அடைத்துவைக்கிறது. அந்தச் சிறைக்கு நாமே காவலர்கள். 2024 டிசம்பர் 26ஆம் நாள், யூபிலி ஆண்டின் தொடக்கத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் ரோமை நகரின் ரெபிபியா சிறைக்குப் போய் அங்கே ஒரு புனிதக் கதவைத் திறந்துவைத்தார். மறைந்த அந்தத் திருத்தந்தை, சிறையின் கதவும் ஆலயத்தின் கதவும் ஒன்றே என்று நமக்குக் காட்டிச் சென்றார். சிறையில் இருந்தேன், என்னைத் தேடி வந்தீர்கள் என்று ஆண்டவர் இறுதி நாளில் யாரைப் பார்த்துச் சொல்வார் என்பதை நாம் ஒவ்வொருவரும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

வெண்மணியிலிருந்து திரும்பிய பயணத்தில் பேருந்தில் வழக்கமான பாட்டு இல்லை. சிதம்பரம் நெருங்கும்போது, போகும்போது முணுமுணுத்த அதே பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “சாமி, எங்க பொண்ணைக் கட்டிக்கொடுத்த ஊர்ல கல்லறையில இன்னும் ரெண்டு வழி இருக்கு. யார்கிட்ட சொல்லணும்?” என்று கேட்டார். அந்த ஊரின் பங்குத்தந்தையிடம் நாம் இருவரும் சேர்ந்து போய்ப் பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அவர் என்ன சொல்வாரோ, ஊரார் என்ன சொல்வார்களோ, தெரியாது. திருவிழா நின்றுபோகும் என்று யாராவது அச்சம் சொல்லக்கூடும். ஒரு காலத்தில் நாமே சொன்ன அச்சம்தானே அது.

கீழ்வெண்மணி எரிந்த இரவில் நம் ஆட்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று அந்தச் சிறுமி கேட்டாள். இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து வேறொரு சிறுமி, நம் காலத்துக் கொடுமை ஒன்றின் நினைவிடத்தில் நின்று, இதே கேள்வியை நம்மைப் பற்றிக் கேட்பாள். அவளுக்கு உரிய பதிலை இன்றே எழுதத் தொடங்குவோம்.

அன்பியத்தில் பகிர்ந்துகொள்ள:

1. நம் ஊரிலும் நம் கல்லறைத் தோட்டத்திலும் மக்களைப் பிரிக்கும் சுவரோ, வழியோ, வழக்கமோ இருக்கிறதா? அதைப் பற்றிப் பேச நம்மைத் தடுப்பது எது?

2. நமக்குத் தெரிந்த குடும்பத்தில் யாராவது சிறையில் இருக்கிறார்களா? கடைசியாக எப்போது அந்த வீட்டுக்குப் போனோம்?

3. அடுத்த முறை வேளாங்கண்ணிக்குப் போகும்போது வண்டியை எங்கே திருப்பப் போகிறோம்?